கடல்கட்டிச் சீட்டும் நான் தேடிய கள்ளனும்

நாலு பேர் சீட்டாடும் மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எட்டுக் கைகளையும் ஒரே நேரத்தில் கவனிப்பதுதான் என் தொழில். கேரம்போர்டுக்கோ கபடிக்கோ நடுவராக நின்று, தோற்றவனிடமும் ஜெயித்தவனிடமும் சேர்த்துத் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் சொல்லப்போவது சீக்கிரம் புரிந்துவிடும்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இது ரம்மி இல்லை. காசு வைத்து ஆடுவதும் இல்லை. ஜெயித்தவருக்கு ஒரு பெட்டி மக்ரூன், அவ்வளவுதான். ஆட்டத்தின் பெயர் சிப்பிச் சீட்டு. தூத்துக்குடியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் ராஜதுரை அண்ணாச்சியின் மகள் ஜெபா உண்டாக்கியது. மேசை நடுவில் கவிழ்த்து வைத்திருக்கும் கட்டுக்குக் கடல் என்று பெயர். முறை வந்தவர் ‘இறங்குதேன்’ என்று சொல்லி ஒவ்வொரு சீட்டாகத் திருப்ப வேண்டும். சிப்பி வந்தால் அவருக்கு. மணல் வந்தால் ஒன்றுமில்லை. சுறா வந்தால் அந்த இறக்கத்தில் எடுத்த சிப்பி அத்தனையும் போச்சு. ஒரு இறக்கத்துக்கு ஐந்து சீட்டுதான், மனிதனுக்கு மூச்சு அவ்வளவுதான். பயந்தவர் நடுவிலேயே ஏறிக்கொள்ளலாம். முதலில் இருபது சிப்பி சேர்த்தவர்தான் ஜெயித்தவர்.

இந்தச் சீட்டுக் கட்டில் ஒரே ஒரு கடல்கட்டிச் சீட்டு உண்டு. முத்துக் குளித்த காலத்தில் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவரைக் கடல்கட்டி என்பார்கள். அந்தச் சீட்டு யாருக்கு வருகிறதோ, அவரை ஆட்டம் முடிகிறவரை சுறா தொடாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு சீட்டு எட்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. தை மாதம் ஆட்டம் பெரிய அளவில் அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் மேசையில் தகராறு தீரவில்லை என்றால் அச்சும் கிடையாது, சனிக்கிழமை ஆட்டமும் கிடையாது என்று ஜெபா சொல்லியிருந்தாள். ஆட்டம் இல்லை என்றால் என் முக்காலியும் இல்லை. எனக்கு வயது அறுபத்து நாலு. அந்த முக்காலியை விட்டால் வீட்டில் டிவிக்கு எதிரே கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலிதான்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சங்கு குளிக்கப் போனவன் நான். அப்புறம் துறைமுகத்தில் மூட்டை எண்ணினேன். கம்ப்யூட்டர் படித்த பெண் என்னைப் போன்ற ஆளை ஏன் தேட வேண்டும் என்ற சந்தேகத்தோடுதான் அச்சாபீஸ் மாடிக்கு ஏறினேன். கடல்காரன் ஒருத்தனை உட்காரவைத்து, அவன் பேசுவதைப் போனில் படம் பிடித்துச் சிரிப்பார்களோ என்று நினைத்தேன். வாசல் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஜெபா சீட்டுக் கட்டை என் முன்னால் வைத்துவிட்டு டீ சொல்லப் போனாள். நான் மூன்று தடவை எண்ணினேன். அட்டைப் பெட்டியில் அறுபது என்று போட்டிருந்தது, கையில் இருந்தது ஐம்பத்தொன்பது. திரும்பி வந்தவளிடம் முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் தன் நோட்டுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் போட்டாள். சிரிக்கவில்லை.

“இதுவரைக்கும் ஏழு பேரு வந்துட்டுப் போயாச்சு. சீட்ட எண்ணிப் பாத்த மொத ஆளு நீங்கதான், அங்கிள்.”

மச்சானின் பூட்டன்

கடல்கட்டிச் சீட்டு ஜெபாவின் யோசனை இல்லை. கொடுத்தவன் தனிஸ்லாஸ், என் பெண்டாட்டியின் தம்பி. அவனுடைய பூட்டன் கடல்கட்டியாக இருந்தவராம். குடும்பத்தில் சொல்லிக்கொள்கிறார்கள், நான் பார்த்ததில்லை. சீட்டில் வரைந்திருக்கிற கிழவனின் மூக்குகூடத் தனிஸ்லாஸ் மூக்கு மாதிரியே இருக்கும். படம் வரைந்த பையனுக்கு இவன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம் பழையது. நாங்கள் சங்கு குளிக்கப் போன நாளில், கயிறு பிடிக்கிறவன் பெண்டாட்டியின் உடன்பிறப்பாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அக்கா தாலியை அறுக்க எவனும் துணிய மாட்டான் என்ற கணக்கு. எனக்குக் கயிறு பிடித்தவன் தனிஸ்லாஸ். ஒருநாள் அடியிலிருந்து கயிற்றை ஆட்டுகிறேன், ஆட்டுகிறேன், மேலே அசைவே இல்லை. மச்சான் துரை பீடி பற்றவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு பதறிப்போய் ஒரே இழுப்பாக இழுத்தான். அன்றைக்குப் போன இடது காது இன்றுவரை திரும்பவில்லை. முப்பத்தொரு வருசமாக அவன் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

அவன் கொடுத்த சீட்டு என்றதுமே இதில் ஏதோ உள்வேலை இருக்கிறது என்று ஜெபாவிடம் சொல்லிவைத்தேன். அது அவன் காதுக்குப் போனது. அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

“எங்க பூட்டன் படம் சீட்டுல வந்தா ஒமக்கு எங்கன எரியுது, மச்சான்?”

மோப்பம்

மூன்றாவது சனிக்கிழமையிலேயே எனக்குப் பட்டுவிட்டது. கடல்கட்டி யார் கைக்கு வந்ததோ அவர்தான் ஜெயிக்கிறார். அதிலும் தனிஸ்லாஸ் கைக்கும், கீழவைப்பாரிலிருந்து பஸ் ஏறி வருகிற ரீத்தம்மாள் கைக்கும் அது அடிக்கடி வருவதுபோல் தெரிந்தது. ரீத்தம்மாளுக்குக் கருவாட்டு வியாபாரம். என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். சீட்டில் மணம் ஏற்றி, கட்டைக் கலைக்கும்போது மூக்கால் கண்டுபிடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

மறுவாரம் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நின்று அறுபது சீட்டையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். கடல்கட்டியில் கருவாட்டு வாசனை இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்த சீட்டை மோந்தேன், அதிலும் இருந்தது. மணலில் இருந்தது, சுறாவில் இருந்தது, அட்டைப் பெட்டியிலும் இருந்தது. திரும்பினால் ரீத்தம்மாள் படியேறி வந்து, கையில் கூடையோடு நின்றுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“கருவாட்டுக்காரி தொட்ட சீட்டு கருவாடு மணக்காம, மல்லியப்பூவா மணக்கும் அண்ணே?”

என் காது கேட்காத பக்கம்

காயல்பட்டினத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள். செய்யது காக்கா, முப்பது வருசம் கப்பலில் ஓடிவிட்டு வந்தவர்; காயல்காரர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். கூட அவருடைய மச்சான் அபூபக்கர். மரியாதையான மனிதர்கள், உட்காரும் முன் எல்லாருக்கும் சலாம் சொல்வார்கள். எனக்கு அந்த மரியாதைமேலேயே சந்தேகம். இரண்டு பேரும் எப்போதும் என் இடது பக்கமாகவே உட்கார்ந்தார்கள். என் செவிட்டுக் காது அந்தப் பக்கம்தான் என்பதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் என் வலது பக்கம் வரும்படி முக்காலியை மாற்றிப் போட்டுக் கவனித்தேன். சீட்டைத் திருப்புவதற்கு முன்னால் செய்யது காக்கா ‘பிஸ்மில்லா’ என்று முணுமுணுக்கிறார். சில தடவை சத்தமாக, சில தடவை உதட்டளவில். சத்தமாகச் சொன்னால் ஒரு அர்த்தம், மெதுவாகச் சொன்னால் வேறு அர்த்தமாக இருக்கலாம் இல்லையா. நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். சத்தத்துக்கு ஒரு கோடு, மெதுவுக்கு ஒரு புள்ளி. இரண்டு வாரம் குறித்தும் கோட்டுக்கும் புள்ளிக்கும் சிப்பிக்கும் ஒரு சம்பந்தமும் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தனிஸ்லாஸையும் ரீத்தம்மாளையும் கண்ணால் காட்டினார்.

“அவங்க ரெண்டு பேரும் நெத்தியில சிலுவ போட்டுட்டுத்தானே எறங்குறாங்க, அதுக்கும் ஒரு அடையாளம் வச்சு எழுதிக்கிடுங்க அண்ணாச்சி.”

டீ கொட்டிய ஆட்டம்

ஜெபா ஒருநாள் என்னை லேப்டாப்புக்கு முன்னால் உட்காரவைத்தாள். எல்லா ஆட்டத்தையும் அவள் அதில் ஏற்றிவைத்திருந்தாள். யாருக்கு எந்தச் சீட்டு எப்போது வந்தது என்று எல்லாம் இருந்தது. கடல்கட்டி தனிஸ்லாஸுக்கு அதிகமாக வந்திருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. நாலு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வந்திருந்தது. அவன் ஜெயித்தது மட்டும் என் மனதில் நின்றிருக்கிறது, மற்றவர்கள் ஜெயித்தது நிற்கவில்லை. இதை நான் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. மிஷினும் உன்னுடையதுதானே என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து அவள் காட்டியதுதான் என்னை அசைத்தது. கடல்கட்டியை வைத்திருந்தவர் ஜெயிக்காத ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அபூபக்கர் கை பட்டு மேசை முழுக்க டீ கொட்டி, ஆட்டத்தையே பாதியில் நிறுத்திய நாள். ஆக, மாதக்கணக்காக நான் மோந்ததும், கோடு போட்டதும், முக்காலியை மாற்றி மாற்றிப் போட்டதும் வெட்டி வேலை. சுறா பயமே இல்லாதவன் ஒவ்வொரு முறையும் ஐந்து மூச்சும் இறங்குவான், மற்றவர்கள் மூன்றிலேயே நடுங்கி ஏறுவார்கள். யார் வைத்திருந்தாலும் ஜெயிக்கத்தானே செய்வான். ஒரு கள்ளன்கூடக் கிடைக்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்களும் என்னைப் போன்ற ஆளாக இருந்தால் அந்த வருத்தம் உங்களுக்குத் தெரியும்.

“களவாணி ஆளுல்ல அங்கிள், சீட்டுதான். அத எப்படிக் கொறைக்கலாம்னு சொல்லுங்க.”

அரைக் கடல்கட்டி

குறைப்பது என்பது சொல்லும்போது சுலபம். முதலில், ஒரே ஒரு தடவைதான் சுறாவைத் தடுக்கும் என்று மாற்றினோம். எல்லாரும் அதைக் கடைசிவரை மடியில் வைத்துக் காப்பாற்றி, பதினாறு பதினேழு சிப்பி வந்ததும் எடுத்து வீசினார்கள். முன்னால் சீக்கிரம் தோற்றவர்கள் இப்போது மெதுவாகத் தோற்றார்கள். அடுத்து, மடியில் வைத்துக் காக்க முடியாது, வருகிற முதல் சுறாவைத் தானாகவே தடுத்துச் செலவாகிவிடும், இரண்டாவது சுறா கடிக்கும் என்று வைத்தோம். அதற்குப் பிறகு சீட்டு கையில் வந்தாலும் ஒருத்தரும் மதிக்கவில்லை. ரீத்தம்மாள் அதை விசிறியாக வைத்து வீசிக்கொண்டாள். பூட்டன் படம் ரீத்தம்மாள் கழுத்து வேர்வைக்குக் காற்று வீசுவதைப் பார்த்த தனிஸ்லாஸ், கையில் இருந்த சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவன் போனதில் எனக்குச் சந்தோசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்யது காக்காவும் எழுந்துவிட்டார். வாரம் ஒரு சட்டம் மாறினால் எதைப் பழகுவது என்று கேட்டார். காயல்காரர்கள் போய்விட்டால் மேசையில் பாதி காலி. மார்கழி பிறந்துவிட்டது, தைக்கு நாளே இல்லை. ஜெபா லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு ஜன்னல் வழியே உப்பு லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்யது காக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“இன்னும் ரெண்டு சனிக்கிழம வந்து பாப்போம். அதுக்கு மேல எங்க ஊர்லயே கேரம்போர்டு இருக்கு, அண்ணாச்சி.”

வேவு பார்க்கப் போனேன்

தனிஸ்லாஸ் சும்மா போகிற ஆள் இல்லை, செய்யது காக்காவைக் கிளப்பிவிட்டதே அவன்தான் என்று எனக்குத் தோன்றியது. தனியாக வேறு மேசை போடப் பார்க்கிறானோ என்னவோ. நேரில் பார்த்துவிடுவோம் என்று புதன்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான், ஆனால் எனக்கு வழி கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அவன் பெண்டாட்டி பிலோமினா, வாசலில் என்னைக் கண்டதும் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அப்புறம் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீயும் கொண்டுவந்து வைத்தாள். நான் வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

வேறு மேசை ஒன்றும் அங்கே இல்லை. வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டான். “அரைக் கடல்கட்டியாம். இத யாரு கேட்டா? எங்க பூட்டன் என்ன, ஒரு ஆளுக்கு மட்டுமா கட்டுனாரு? அன்னைக்குக் கடல்ல நிக்கித அத்தன தோணிக்கும் சேத்துல்லா கட்டுனாரு. அவரு ஒருநாளும் தண்ணியில எறங்கினதில்ல. தோணியெல்லாம் கரைக்கு வார வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாம கரையில உக்காந்திருப்பாரு. வந்த ஒவ்வொரு தோணியிலயும் அவரு பங்குன்னு சிப்பி எடுத்து வப்பாவ. யாரும் கேக்க வேண்டாம், தானா வப்பாவ. ஒங்களுக்கு அது வெறும் சீட்டு.”

அவன் பேச்சை நான் முழுசாகக் கேட்டது எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். எல்லாருக்கும் கட்டுவார், தான் இறங்க மாட்டார், ஆளுக்கு ஒரு பங்கு வாங்குவார். இந்த மூன்றில் ஒன்றுகூட எங்கள் சீட்டில் இல்லை. கடல்கட்டியைத் தனக்காக மட்டும் கடல் கட்டுகிறவராக எழுதிவைத்துவிட்டு, ஏன் இவ்வளவு பலம் என்று எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வான். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். பிலோமினா வெறும் தம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“முப்பது வருசம் தொடாத டீய இப்பிடி நெருப்போட குடிச்சிட்டு ஓடுதியளே, அப்பிடி என்ன அவசரம் அண்ணே?”

கரையில் உட்கார்ந்தவன்

சீட்டில் வெள்ளைத் தாள் ஒட்டி ஜெபா புதிதாக எழுதினாள். கடல்கட்டியை வைப்பவர் அந்தச் சுற்றில் இறங்கக் கூடாது. அந்தச் சுற்றில் யாரையும் சுறா தொடாது. ஏறி வருகிற ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு சிப்பி கொடுக்க வேண்டும். சுற்று முடிந்ததும் சீட்டு மறுபடியும் கடலுக்குள் போய்விடும். யாருடைய யோசனை என்று கேட்டாள். வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரீத்தம்மாள் போனில் கெஞ்சி வரவழைத்த தனிஸ்லாஸ் மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான். அவன் பக்கமாகத் தாடையை ஆட்டிக் காட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

செய்யது காக்கா சொன்ன இரண்டாவது சனிக்கிழமை அது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. செய்யது காக்காவிடம் பதினேழு, தனிஸ்லாஸிடம் பதினாறு, மற்ற இருவரும் பின்னால். தனிஸ்லாஸ் கையில் கடல்கட்டி இருந்தது. அவன் முறை. அதை வைக்காமல், சுறாவுக்குத் துணிந்து இறங்கியிருக்கலாம். நாலு சிப்பி எடுத்தால் அவனுக்கு ஜெயம். அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை மேசை நடுவில் வைத்து, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

ரீத்தம்மாள் பயமில்லாமல் ஐந்தும் திருப்பினாள். நடுவில் சுறா வந்தது, யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு சிப்பியைத் தனிஸ்லாஸ் பக்கம் தள்ளினாள். அடுத்து செய்யது காக்கா. பிஸ்மி சொல்லித் திருப்பினார். சிப்பி, மணல், சிப்பி, சிப்பி, சிப்பி. பதினேழும் நாலும் இருபத்தொன்று. அதில் ஒன்றை எடுத்து, தள்ளாமல், எழுந்து நின்று தனிஸ்லாஸ் கையில் கொடுத்தார். “இந்தாங்க, உங்க பூட்டனார் பங்கு” என்றார். தனிஸ்லாஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பதினெட்டு. செய்யது காக்காவிடம் சரியாக இருபது நின்றது. மக்ரூன் பெட்டியை அவர் அங்கேயே உடைத்து எல்லாருக்கும் நீட்டினார். அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கா நாலு மணிக்கா என்று அபூபக்கர் ஜெபாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் லேப்டாப்பைத் திறந்து, அச்சுக்கு அனுப்ப வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தாள். தனிஸ்லாஸ் என் வலது பக்கமாகச் சுற்றி வந்து குனிந்தான்.

“தோத்தது நான்தான் மச்சான், எங்க பூட்டன் தோக்கல.”

எட்டு மாதம் கள்ளனைத் தேடி, கடைசியில் தப்பாக எழுதிய ஒரு வரியைப் பிடித்தவன் நான், ஆனாலும் தனிஸ்லாஸ் சீட்டுக் கலைக்கும்போது மட்டும் இன்றுவரை கண் சிமிட்டுவதில்லை.